ஓரெழுத்தும் மாறாத நிரல்

நுழையும்முன்

ஒரு நிரலில் பிழை நேர்ந்தால் அதனை எழுதியவரைத் தேடுவதே வழக்கம். எழுதியவர் எதையும் மாற்றவில்லை. ஆயினும் நேற்றுவரை இயங்கிய நிரல் இன்று உருவாக மறுக்கிறது என்றால் யாரைத் தேடுவது? கணினித் துறையில் ஆண்டுதோறும் எழும் இக்கேள்வியின் வேர் 'தலைப்புக் கோப்பு' என்னும் சிறிய கோப்புகளில் இருக்கிறது.

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியும், அவருடன் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிரையன் கெர்னிகனும் இணைந்து எழுதிய 'சி நிரலாக்க மொழி' என்னும் நூல் 1978இல் வெளிவந்தது. 1988இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. உலகெங்கும் நிரலாக்கம் கற்போர் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவரும் நூல் அது. அதன் முதல் இயலில் ஒரு சிறிய நிரல் உண்டு. உள்ளிடப்படும் வரிகளுள் மிக நீளமானதைக் கண்டறிந்து அச்சிடுவது அதன் வேலை. வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தருவதற்கு நூலாசிரியர்கள் தாமே ஒரு செயற்கூறினை எழுதி, அதற்குக் 'கெட்லைன்' எனப் பெயரிட்டனர். வரியைப் பெறு என்பது அப்பெயரின் பொருள்.

2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்து, அந்நிரலை நூலில் உள்ளவாறே பிசகாமல் தட்டச்சு செய்த மாணவர் பலருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. நிரல் உருவாகவில்லை. 'கெட்லைன் என்பதற்கு முரண்பட்ட தரவினங்கள்' என்று திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றியது. மாணவர் நூலைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். மொழியை உருவாக்கியவரே எழுதிய நிரல் அது. முப்பது ஆண்டுகள் ஓடிய நிரலும்கூட. நூலில் மாற்றமில்லை, நிரலில் மாற்றமில்லை. எனில் மாறியது எது?

தலைப்புக் கோப்பும் பாயிரமும்

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. அதனை எந்திரமொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. சி மொழிக்கும் அதன் வழிவந்த சி++ மொழிக்கும் இன்று பெரிதும் பயன்படும் நிரல்பெயர்ப்பிகளுள் ஒன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி. மூலநிரலை நிரல்பெயர்ப்பியிடம் கொடுத்து, கிடைக்கும் துண்டுகளை இணைத்து, இயங்கத்தக்க மென்பொருளாக ஆக்கும் வேலை முழுவதையும் 'கட்டமைத்தல்' என்பர்.

நிரல்பெயர்ப்பி மூலநிரலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ஒரு பெயர் பயன்படுத்தப்படும் இடத்திற்கு முன்பாகவே, அப்பெயர் எதனைக் குறிக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு முன்கூட்டிச் சொல்வது 'அறிவிப்பு' எனப்படும். திரையில் அச்சிடுதல், எண்களைக் கணக்கிடுதல், கோப்புகளைத் திறத்தல் முதலிய பொதுவான வேலைகளுக்கான செயற்கூறுகள் ஏற்கெனவே எழுதப்பட்டு 'நூலகம்' என்னும் தொகுப்பில் வைக்கப்பட்டுள்ளன. அச்செயற்கூறுகளின் அறிவிப்புகளை மட்டும் தாங்கியவை தலைப்புக் கோப்புகள். 'இன்க்ளூட்' என்னும் கட்டளையைத் தம் நிரலின் தொடக்கத்தில் எழுதி, வேண்டிய தலைப்புக் கோப்பை நிரலர் வரவழைத்துக் கொள்கிறார்.

நூல் நுவலும் பொருளை முன்னே நின்று உணர்த்துவது பாயிரம் என்பதை நன்னூல் பயின்ற மாணவர் அறிவர். தலைப்புக் கோப்பும் அத்தகையதே எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு. பாயிரத்தைப் படிக்காமல் நூலுக்குள் நுழைந்தாலும் படிப்பவர் ஓரளவு சமாளித்துக்கொள்வார்; நிரல்பெயர்ப்பிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இன்க்ளூட் கட்டளை செய்யும் வேலை மிக எளியது. நிரல்பெயர்ப்பி தன் பணியைத் தொடங்குவதற்கு முன், 'முன்செயலி' என்னும் பகுதி அந்தத் தலைப்புக் கோப்பைத் திறந்து, அதிலுள்ள அனைத்தையும் படியெடுத்து, கட்டளை இருந்த இடத்தில் அப்படியே ஒட்டிவிடுகிறது. தேவையானது இது, தேவையற்றது அது என அது பிரித்துப் பார்ப்பதில்லை. 1972, 1973ஆம் ஆண்டுகளில், ஆலன் ஸ்னைடரின் தூண்டுதலாலும், பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய மொழிகளில் இருந்த கோப்புச் சேர்க்கும் வசதியின் பயனை உணர்ந்தும் முன்செயலி சி மொழியில் சேர்க்கப்பட்டதாக ரிச்சி பின்னாளில் எழுதினார். யூனிக்ஸ் முதன்முதலில் ஏறிய பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட் மட்டுமே. அத்தகைய சிறிய எந்திரங்களின் காலத்தில், படியெடுத்து ஒட்டுதல் என்பது சிக்கனமான, அறிவார்ந்த தீர்வு. அத்தீர்வு அரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்து, கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட மென்பொருள்களைத் தாங்க நேரும் என்று அன்று எவரும் கருதியிருக்க முடியாது.

கெட்லைன் புதிர் இப்போது அவிழ்கிறது. லினக்ஸில் சி மொழிக்குரிய நூலகமான ஜிலிப்சியில் கெட்லைன் என்னும் பெயரிலேயே வேறொரு செயற்கூறு முன்பே இருந்தது. ஆயினும் அது தனியே கேட்பவர்க்கு மட்டுமே புலப்பட்டது. 2008இல் 'பாசிக்ஸ்' என்னும் பன்னாட்டுத் தரவரையறை அச்செயற்கூறினை ஏற்றுக்கொண்டது. அதனைப் பின்பற்றி 2009இல் வெளிவந்த ஜிலிப்சி 2.10ஆம் பதிப்பு, உள்ளீடு வெளியீட்டுக்கான தலைப்புக் கோப்பில் அதன் அறிவிப்பை அனைவருக்கும் புலப்படுமாறு திறந்துவைத்தது. அந்தத் தலைப்புக் கோப்பை வரவழைக்கும் எந்த நிரலிலும் இப்போது கெட்லைன் என்னும் பெயர் முன்னரே இடம்பிடித்திருக்கும். நூலாசிரியர்களின் கெட்லைன் இரண்டு உள்ளீடுகளை ஏற்பது. நூலகத்தின் கெட்லைன் மூன்றினை ஏற்பது. ஒரே பெயருக்கு இருவேறு அறிவிப்புகளைக் கண்ட நிரல்பெயர்ப்பி நின்றுவிட்டது. செயற்கூறின் பெயரை மாற்றினால் நிரல் மீண்டும் ஓடும்.

தலைப்புக் கோப்பில் ஒன்று புதிதாகச் சேர்ந்ததால் வந்த முறிவு இது. 2019இல் ஜிலிப்சி 2.30ஆம் பதிப்பு, இயங்கும் இழையின் எண்ணைத் தரும் 'கெட்டிட்' என்னும் செயற்கூறினைச் சேர்த்தபோதும் இதுவே நேர்ந்தது. நூலகத்தில் அது இல்லாத குறையைப் போக்கத் தாமே அப்பெயரில் எழுதி வைத்திருந்த க்யூஇஎம்யூ முதலிய மென்பொருள்கள், கேட்டது கிடைத்த அன்றே நின்றுபோயின.

அயல்வீட்டுக் கிணறு

சேர்ந்ததால் வரும் முறிவைவிட, நீங்கியதால் வரும் முறிவே மிகுதி. அது நுட்பமானதும்கூட.

பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் 'சொல்லும் பொருளும்' என்னும் பகுதி இருக்கும். நான்காம் பாடத்தில் ஓர் அருஞ்சொல் வருகிறது. அப்பாடத்தின் சொற்பொருள் பட்டியலில் அச்சொல் விடுபட்டிருக்கிறது. எனினும் மூன்றாம் பாடத்தின் பட்டியல் அதே பக்கத்தின் மேற்பகுதியில் அச்சிடப்பட்டிருப்பதால், மாணவர் கண் அங்கே சென்று பொருளைக் கண்டுகொள்கிறது. விடுபட்டதை ஆசிரியரும் உணர்வதில்லை, மாணவரும் உணர்வதில்லை. மறுபதிப்பில் மூன்றாம் பாடத்தைச் செப்பனிட்டவர், அதில் இனித் தேவைப்படாத அச்சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார். அவர் செய்தது சரியே. ஆனால் நான்காம் பாடம் விளங்காமற் போகிறது. அந்தப் பாடத்தை எவரும் தொடவேயில்லை.

தலைப்புக் கோப்புகளிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு தலைப்புக் கோப்பு தன் உள்தேவைக்காக இன்னொன்றை வரவழைக்கலாம். அது வேறொன்றை வரவழைக்கலாம். நிரலர் ஒன்றைக் கேட்க, பத்து வந்து சேரும். கேளாமல் வந்தவற்றுள் உள்ள பெயர்களையும் அவர் தம்மை அறியாமலே பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறார். நிரல் ஓடுகிறது. அயல்வீட்டுக் கிணற்று நீரைத் தன் வீட்டு நீர் என்று எண்ணிப் பழகிய நிலை அது.

2023 ஏப்ரலில் ஜிசிசியின் 13ஆம் பதிப்பு வெளிவந்தபோது அந்தக் கிணற்றின் வாயில் அடைபட்டது. சி++ மொழியில் 'யுஇன்ட்32_டி' என்று ஒரு தரவினம் உண்டு; 32 துகள் அளவுள்ள, எதிர்க்குறி ஏலாத முழு எண்ணைக் குறிப்பது. அதனை அறிவிக்கும் தலைப்புக் கோப்பு 'சிஎஸ்டிடிஇன்ட்'. முந்தைய பதிப்புகளில், எழுத்துச்சரங்களுக்கான 'ஸ்ட்ரிங்' முதலிய வேறு தலைப்புக் கோப்புகள் தம் உள்தேவைக்காக இக்கோப்பைக் கூடவே அழைத்துவந்தன. 13ஆம் பதிப்பில் நூலகத்தின் உட்பகுதி செப்பனிடப்பட்டு அந்த அழைப்பு பல இடங்களில் நீக்கப்பட்டது. ஸ்ட்ரிங் கோப்பை மட்டும் வரவழைத்துவிட்டு யுஇன்ட்32_டியைப் பயன்படுத்திய நிரல்கள் யாவும் நின்றன. 'யுஇன்ட்32_டி என்பது எந்தத் தரவினத்தின் பெயருமன்று' என்றது நிரல்பெயர்ப்பி.

இம்முறிவுக்கு உள்ளானவை கற்றுக்குட்டிகளின் நிரல்கள் அல்ல. ஜிசிசிக்கு நிகராக மதிக்கப்படும் மற்றொரு நிரல்பெயர்ப்பிக் கட்டமைப்பு எல்எல்விஎம். அதன் பழைய பதிப்புகளிலேயே இவ்வழு இருந்தது. ஜிசிசி 13ஐக் கொண்டு அவற்றைக் கட்டமைக்க முயன்றபோது அவையும் நின்றன. நிரல்பெயர்ப்பிகளைப் படைப்போரும் சறுக்கிய இடம் இது என்பதை எண்ணிப் பார்த்தால், இதனை வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. விடுபட்டது விடுபட்டதாகத் தெரியாதபோது கவனம் எதனைக் கண்டுபிடிக்கும்?

திருத்தம் ஒரே வரி. சிஎஸ்டிடிஇன்ட் கோப்பை வரவழைக்கும் கட்டளையைச் சேர்த்தால் போதும். எந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்பதையும் பிழைச்செய்தியின் கீழேயே ஜிசிசி சுட்டிக்காட்டியது.

பழி ஓரிடம்

எல்லா முறிவும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கேற்பப் பிழை ஓரிடத்தில் இருக்க, அதன் விளைவு வேறோரிடத்தில் வெளிப்படுவதுண்டு.

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் இரு கூறுகளையும் பிரித்துத்தர 'மேஜர்', 'மைனர்' என்னும் இரண்டு குறுவரைவுகள் இருந்தன. நெடுங்காலமாக இவை 'சிஸ் டைப்ஸ்' என்னும் பொதுத் தலைப்புக் கோப்பின் வழியாக, கேட்டவர் கேளாதவர் அனைவருக்கும் வந்துகொண்டிருந்தன. மேஜர், மைனர் என்பன எளிய ஆங்கிலச் சொற்கள். பதிப்பு எண்ணின் பெரும்பகுதி, சிறுபகுதியைக் குறிக்க எண்ணற்ற நிரலர் தம் மாறிகளுக்கு இப்பெயர்களையே இடுவர். முன்செயலியோ, குறுவரைவின் பெயரை அடைப்புக்குறி தொடர எங்கே கண்டாலும் பதிலியை வைத்துவிடும். தொடர்பே இல்லாத நிரல்கள் இதனால் குலைந்தன. ஆகவே இவற்றைத் தனிக்கோப்புக்கு ஒதுக்கிவைக்க ஜிலிப்சியினர் முடிவு செய்தனர். 2017இல் வெளிவந்த 2.25ஆம் பதிப்பிலேயே எச்சரிக்கை விடுத்து, 2018 ஆகஸ்டில் வந்த 2.28ஆம் பதிப்பில் பொதுக் கோப்பிலிருந்து நீக்கினர்.

அதன்பின் மேஜரைப் பயன்படுத்திய பழைய சி நிரல்களுக்கு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. சி மொழியின் பழைய மரபுப்படி, அறிவிக்கப்படாத பெயரைச் செயற்கூறு போல அழைத்தால், 'இப்படியொரு செயற்கூறு எங்கோ இருக்கும். அது ஒரு முழு எண்ணைத் திருப்பித்தரும்' என்று நிரல்பெயர்ப்பி தானே ஊகித்துக்கொள்ளும். மேஜர் என்னும் குறுவரைவு மறைந்ததும், அதனைச் செயற்கூறு என ஊகித்து, ஓர் எச்சரிக்கையோடு நிரல்பெயர்ப்பி வேலையை முடித்துவிட்டது. இறுதியில் துண்டுகளை இணைக்கும் 'இணைப்பி'தான், அப்படியொரு செயற்கூறு எந்த நூலகத்திலும் இல்லை என்று முறையிட்டது. பிழை தொடங்கிய கோப்பு கடந்து போய் நெடுநேரம் ஆகியிருக்கும். எச்சரிக்கைகளைப் படிக்கும் பழக்கமில்லாதவர், நூலகம் கெட்டுவிட்டதென எண்ணித் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

இணைப்பியிடம் சிக்கிய பிழை நற்பேறு என்றே சொல்ல வேண்டும். தலைப்புக் கோப்பிலிருந்து அறிவிப்பு நீங்கி, செயற்கூறு மட்டும் நூலகத்தில் இருந்துவிட்டால், கட்டமைத்தல் தடையின்றி முடிந்துவிடும். அச்செயற்கூறு நினைவக முகவரியைத் திருப்பித்தருவதாக இருந்தால், இன்றைய கணினிகளில் அது 64 துகள் நீளமுள்ளது. நிரல்பெயர்ப்பி ஊகித்த முழு எண்ணோ 32 துகள். முகவரியில் பாதி வெட்டுண்டு போகும். மென்பொருள் பயனரின் கையில் இயங்கிக்கொண்டிருக்கும்போது, காரணம் தெரியாமல் சரியும். கட்டமைக்க மறுத்த மென்பொருள் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. தவறாகக் கட்டமைந்ததே அஞ்சத்தக்கது.

இந்த ஊகிக்கும் மரபைச் சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரவரையறையே நீக்கிவிட்டது. ஜிசிசி அதன்பின்னும் பழைய நிரல்களுக்கு இரங்கி, கால் நூற்றாண்டுக் காலம் எச்சரிக்கையோடு அனுமதித்து வந்தது. 2024 மே மாதத்தில் வந்த 14ஆம் பதிப்பில்தான் அதனைப் பிழை என்று அறுதியிட்டது. அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பல மென்பொருள்கள் கட்டமைக்கத் தொடங்குமுன் சிறுசிறு சோதனை நிரல்களை உருவாக்கிப் பார்த்து, இக்கணினியில் இன்ன வசதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும். அச்சோதனை நிரல்களிலேயே அறிவிப்பு விடுபட்டிருந்தால், புதிய நிரல்பெயர்ப்பியில் சோதனை தோற்கும். 'அவ்வசதி இல்லை' என முடிவு கட்டப்படும். மென்பொருள் அவ்வசதியை விட்டுவிட்டு வெற்றிகரமாகக் கட்டமைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஃபெடோரா, ஜென்டூ ஆகிய லினக்ஸ் வழங்கல்களின் பங்களிப்பாளர்கள் 14ஆம் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே பழைய மென்பொருள்களைத் துழாவி, இத்தகைய சோதனைகளையும் திருத்தத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

செப்பனிடாமல் விட்டால் என்ன?

இவ்வளவு தொல்லை தரும் மாற்றங்களை ஏன் செய்ய வேண்டும். கூடவே வந்த கோப்புகள் வந்துகொண்டே இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. விடை, படியெடுத்து ஒட்டும் முறையிலேயே இருக்கிறது. வணக்கம் என்று ஒரு வரியை அச்சிடும் சி++ நிரலை எடுத்துக்கொண்டால், நிரலர் எழுதுவது ஐந்தாறு வரி. அவர் வரவழைக்கும் 'ஐஓஸ்ட்ரீம்' என்னும் ஒரு தலைப்புக் கோப்பு, தன் சுற்றம் அனைத்தையும் அழைத்துவர, முன்செயலி ஒட்டி முடித்தபின் நிரல்பெயர்ப்பியின் முன் நிற்பவை 20,000 வரிகளுக்கு மேல். பெரிய மென்பொருளில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இதே வரிகள் மீண்டும் மீண்டும் படிக்கப்படும். நிரலர் காத்திருக்கும் நேரமும், எந்திரங்கள் உண்ணும் மின்னாற்றலும் இவ்வாறு வீணாகின்றன.

தெரியுமா?
லினக்ஸ் கருவகத்தின் தலைப்புக் கோப்புகளில் பின்னிக்கிடந்த தேவையற்ற சார்புகளை அறுக்க, இங்கோ மோல்னார் என்னும் நிரலர் ஓராண்டுக்கும் மேலாக உழைத்தார். 2022 சனவரியில் அவர் வெளியிட்ட திருத்தங்களின் எண்ணிக்கை 2,297. அவற்றைச் சேர்த்தால் கருவகத்தைக் கட்டமைக்கும் வேகம் 50 முதல் 80 விழுக்காடு வரை கூடும் என்று அவர் அறிவித்தார்.

ஒரு பெயர் எந்தத் தலைப்புக் கோப்பில் கிடைக்கும் என்பதைச் சி++ தரவரையறை தெளிவாக வகுத்திருக்கிறது. ஒரு தலைப்புக் கோப்பு மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என இசைவளிக்கிறதேயன்றி, சேர்த்தே ஆக வேண்டும் என்று அது கூறவில்லை. ஆகவே சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால், கூடுதலாக வந்தது நூலகத்தாரின் கொடை. நிறுத்தியது அவர்தம் உரிமை. ஆனால் பயன்படுத்துவோர் பெருகப் பெருக, உறுதியளிக்கப்படாத இயல்பையும் எவரேனும் ஒருவர் நம்பியிருப்பார் என்பது துறையினர் கண்ட உண்மை. இதனை உற்று நோக்கிச் சொன்ன ஹைரம் ரைட் என்பவரின் பெயரால் 'ஹைரம் விதி' என இது வழங்கப்படுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பழக்கமும் ஒரு சட்டமாகிவிடுகிறது. செப்பனிடுவோர் பக்கமே நியாயம் மிகுதி என்று சொல்லலாம். ஆனால் அந்நியாயத்தின் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

சுமை யார் தோளில்?

டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் 1993 முதல் பேணப்பட்டு வருகிறது. அதில் 30,000க்கும் மேற்பட்ட மூலநிரல் தொகுப்புகள் உள்ளன. புதிய ஜிசிசி பதிப்பை ஏற்பதற்கு முன்பாக, தொகுப்புகளைப் புதிய நிரல்பெயர்ப்பியால் மீண்டும் கட்டமைத்துப் பார்ப்பது அங்கு வழக்கம். நின்றுபோனவற்றுக்கெல்லாம் 'மூலத்திலிருந்து கட்டமைக்க இயலவில்லை' என்று பிழையறிக்கை பதியப்படும். ஒவ்வோர் அறிக்கையையும் ஒருவர் எடுத்து, காரணம் கண்டு, ஒரு வரியோ இரு வரியோ சேர்த்துத் திருத்த வேண்டும். அந்த நிரலை அவர் எழுதவில்லை. தலைப்புக் கோப்பையும் அவர் மாற்றவில்லை. வேலை முடிந்த இரவு நேரங்களில் இதைச் செய்பவர்களே மிகுதி.

மூலநிரலை எழுதியவர் இன்னும் அதனைப் பேணிவந்தால், திருத்தம் அவருக்கு அனுப்பப்பட்டு அடுத்த பதிப்பில் சேர்ந்துவிடும். பேணுவோர் அற்ற மென்பொருளின் நிலை வேறு. எழுதியவர் வேறு பணிக்குச் சென்றிருக்கலாம், மறைந்திருக்கலாம், ஆய்வுக்காக எழுதிய நிரலை, ஆய்வு முடிந்ததும் அப்படியே விட்டிருக்கலாம். திருத்துவார் இல்லாத தொகுப்புகள் டெபியனின் அடுத்த வெளியீட்டுக்கான பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. அவற்றின் மூலநிரல் அழிவதில்லை. எங்கோ ஒரு சேமிப்பில் முழுமையாக இருக்கும். ஆனால் அதனை உயிர்ப்பிக்கவல்ல நிரல்பெயர்ப்பி பழையதாகிப் போயிருக்கும். ஏடு இருந்தும் அவ்வெழுத்தைப் படிப்பார் இல்லாத நிலையோடு இது ஒப்பிடத்தக்கது.

பழைய நிரல்பெயர்ப்பியையே வைத்துக்கொள்வது சிலர் காணும் வழி. சில காலம் தாக்குப்பிடிக்க அது உதவும். ஆயினும் பழையதோடு அதன் பாதுகாப்புக் குறைகளும் கூடவே தங்கிவிடும். புதிய கணினிகளில் அதனை நிறுவுவதே ஒருநாள் அரிதாகும். எச்சரிக்கைகளையும் பிழைகளையும் அடக்கிவைக்கும் விருப்பத்தேர்வுகளைப் பயன்படுத்துவது அதனினும் கேடு. அது காய்ச்சலைத் தணிக்காமல் காய்ச்சல்மானியை உடைப்பதாகும்.

நிரலர் கைக்கொள்ளத்தக்க நெறி எளியதே. ஒரு கோப்பில் எந்தப் பெயர் பயன்படுகிறதோ, அதற்குரிய தலைப்புக் கோப்பை அந்தக் கோப்பே வரவழைக்க வேண்டும். வேறொன்று கொண்டுவரும் என்று இருத்தலாகாது. இதனைச் சரிபார்க்கக் கூகுள் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட ஒரு கருவி, 'பயன்படுத்துவதைச் சேர்த்துக்கொள்' என்னும் பொருள்படும் பெயரையே தாங்கியிருக்கிறது. ஜான் லேக்கோஸ் என்பவர் 1996இல் தம் நூலில் பரிந்துரைத்த முறை இன்னும் எளியது. நிரலர் தாமே எழுதிய தலைப்புக் கோப்பை, அதற்குரிய நிரலில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் வரியிலேயே வரவழைக்க வேண்டும் என்றார் அவர். அதற்கு முன் எதுவும் வந்திராததால், அக்கோப்பில் விடுபட்டது ஏதேனும் இருந்தால் அன்றே, எழுதியவர் கண்முன்னரே வெளிப்பட்டுவிடும். பத்தாண்டு கழித்து முகமறியாத ஒருவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செலவில்லாத இந்த உபாயம் இன்றும் பலரால் பின்பற்றப்படாமல் இருப்பது வருந்தத்தக்கதே.

படியெடுத்து ஒட்டும் முறையையே விட்டு விலகும் முயற்சியும் நடைபெறுகிறது. 2020ஆம் ஆண்டின் சி++ தரவரையறை 'கூறுநிரல்' என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. கூறுநிரல் எந்தப் பெயர்களை வெளியே தர வேண்டும் எனத் தானே அறிவிக்கும். அது உள்ளே பயன்படுத்துபவை வெளியே கசிவதில்லை. 2023ஆம் ஆண்டின் தரவரையறை, நூலகம் முழுவதையும் ஒரே கூறுநிரலாக வரவழைக்க வழிசெய்தது. எனினும் நாற்பது ஆண்டுகளாகத் தலைப்புக் கோப்புகளின்மேல் எழுப்பப்பட்ட மென்பொருள்கள் ஒரு நாளில் இடம் மாறிவிடுவதில்லை. மாறும்வரை பழைய முறையும், அதன் ஆண்டுச் சடங்கும் தொடரவே செய்யும்.

ஒவ்வோராண்டும் வேனிற்காலத்தில் ஜிசிசியின் புதிய பெரும்பதிப்பு வெளிவருகிறது. அதனோடு, பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவர விரும்புவோர்க்காக ஒரு குறிப்புப் பக்கமும் வெளியிடப்படுகிறது. எந்தத் தலைப்புக் கோப்புகள் இனித் தாமாக வாரா என்பதை அதில் பெயர் சுட்டிக் கூறியிருப்பர். 14ஆம் பதிப்பின் பக்கத்தில் இடம்பெற்ற பெயர் 'அல்காரிதம்'. வரிசைப்படுத்தும் செயற்கூறினை அழைத்துவிட்டு, அதற்குரிய அக்கோப்பை அழைக்கத் தவறியிருந்த நிரல்கள் அவ்வாண்டின் பிழையறிக்கைகளில் இடம்பிடித்தன.